ஏழாம் சதுரம்

கான்கால், பிப்ரவரி, காலை ஐந்து நாற்பது.
கடல் பாயைச் சுருட்டிக்கொண்டு
எங்கோ போய்விட்டது.
அது திரும்புவதற்குள்
நான் பன்னிரண்டு சதுரம் எண்ண வேண்டும்.

சதுரம் நானே செய்தது, பிளாஸ்டிக் குழாயில்,
பக்கத்துக்கு ஐம்பது சென்டிமீட்டர்.
சேற்றில் வீசினால்
உள்ளே அகப்படுவது ஆய்வு.
வெளியே கிடப்பது பிரிட்டனி.

செருப்புச் சிப்பி என்று பெயர் வைத்ததும் நான்தான்,
ஈரோட்டில் தறி உதிரிபாகம் விற்கும் அப்பாவுக்குத்
தொலைபேசியில் விளங்கவைக்க.
உள்ளே பாதித் தட்டு, கால் நுழைக்கிற மாதிரி.
உண்மையில் சிப்பியே இல்லை, நத்தை.
நடக்க மறந்த நத்தை.
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி
ஆறு, எட்டு, ஒருமுறை பதினான்கு.
அடியில் இருப்பவை எல்லாம் பெண்.
உச்சியில் பொடியன்.
கீழே ஒருத்தி செத்தால்
மேலே ஒருவன் மெல்லப் பெண்ணாவான்.

'இதற்கா உதவித்தொகை தருகிறார்கள்?'
சற்று நேரம் கழித்து,
'குழம்பு வைக்கலாமா?'

சோவாசிக் கெர்மாரெக் குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை.
தரையில் ஆளிச்சிப்பி விதைத்திருக்கிறாள்.
ஒட்டியதைச் சுரண்ட இரண்டு ஆள் கூலி,
வண்டிக்குக் கடன், முழங்கையில் ஓயாத வலி.
'எழுது,' என்கிறாள் என் ஈரக் குறிப்பேட்டைத் தட்டி,
'என் ஆளியின் வாயிலிருந்து பிடுங்கித் தின்கின்றன என்று.'
நான் எழுதினேன்:
சதுரம் 4. அடுக்கு 31. உயிருள்ள ஆளி 6.

ஏழில்தான் வம்பு.
அங்கே அடுக்குகள் அதிகம், ஆளியும் அதிகம்.
முதல் மாதம் பிழை என்று நினைத்தேன்,
அடுத்த மாதம் என் கண் கோளாறு என்று.
நெறியாளரின் மின்னஞ்சலில் இரண்டே சொல்:
திரும்ப எண்ணு.
விரல் மரத்து, பென்சிலைப் பல்லில் கடித்து,
திரும்ப எண்ணினேன்.
நட்சத்திரமீன்கள் அந்த அடுக்குகளில் ஏறி
வழுக்கி, பிடி கிடைக்காமல்
அடுத்த ஆளியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன.

வண்டிக்குள் காப்பி ஆறும்வரை
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
பிறகு சொன்னேன்.
ஒரு சதுரம் ஒரு முடிவாகாது என்றும் சொன்னேன்.
சோவாசிக் கத்தியால் ஓர் ஆளியைத் திறந்தாள்.
'இதுவும் ஜப்பானிலிருந்து வந்ததுதான்.
எழுபதுகளில், பெட்டி பெட்டியாக, விமானத்தில்.
இந்த ஊர் ஆளி அப்போது நோயில் செத்துக்கொண்டிருந்தது.'
உறிஞ்சினாள். ஓட்டை ஜன்னல் வழியே எறிந்தாள்.
'ஆனால் இது என் கடனை அடைக்கிறது.'

உணவகத்தில் ஒரு சக மாணவர் கேட்டார்,
தூரத்திலிருந்து வந்தவள் என்பதால்
அவற்றின்மேல் உங்களுக்கு ஒரு பரிவு...
இல்லை என்றேன்.
நத்தை நத்தைதான்.
தயவுசெய்து என்னை அதன் முதுகில் ஒட்டாதீர்கள்.
என் குடியிருப்பு அட்டைக்கு ரென்னில் நிற்கும் வரிசை
ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நிற்கிறது.

ஏழில் மட்டும் சட்டத்தை முளையடித்து விட்டுவந்தேன்.
மார்ச் புயல் கொண்டுபோய்விட்டது.
அட்டவணையில் அந்தக் கட்டம் காலி.
பூஜ்யம் போடக்கூடாது.
பூஜ்யம் என்றால் பார்த்தேன், இல்லை.
காலி என்றால் பார்க்க முடியவில்லை.
இரண்டுக்கும் உள்ள தூரத்தில்தான்
என் மூன்றாம் அத்தியாயம் நிற்கிறது.

ஜூலையில் சோவாசிக் கதவைத் தட்டினாள்.
கையில் என் சட்டம், பாசி படிந்து,
அவள் இரும்பு மேசைக் காலில் சிக்கியிருந்ததாம்.
குழாயின் ஒரு பக்கத்தில்
உளுந்து அளவில் ஒரு பொடியன்,
ஏறிக்கொள்ள முதுகு கிடைக்காமல்
பிளாஸ்டிக்கையே பிடித்திருந்தான்.
கத்தியைப் பிடிப்பக்கம் என்னிடம் நீட்டினாள்.

பொறு என்றேன்.
விளிம்பில் இருப்பதற்கு விதி உண்டு:
இடப்பக்கம் என்றால் கணக்கில் சேரும்,
வலப்பக்கம் என்றால் சேராது.
சட்டத்தை அப்படியும் இப்படியும் திருப்பினேன்.
நான்கு மாதம் கடல் புரட்டிய சதுரத்தில்
எது இடப்பக்கம்?